இரட்டைக் கோபுரத்தில் ஏறியவரும் குதித்தவரும்

ஸ்பைடர்மேன் மாதிரி சுவரில் ஒட்டி ஏற முடியுமா? பேட்மேன் மாதிரி மேலங்கியை விரித்து மாடியிலிருந்து இறங்க முடியுமா? பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் அடுக்குமாடி வீடுகளில் வளரும் பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. விடை தேடி ஹாலிவுட்டுக்குப் போக வேண்டாம். கோலாலம்பூரில், 452 மீட்டர் உயரமுள்ள பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்திலேயே ஒருவர் ஏறிப் பார்த்திருக்கிறார். ஒருவர் குதித்தும் பார்த்திருக்கிறார்.

‘பிரெஞ்சு ஸ்பைடர்மேன்’ எனப் பெயரெடுத்த அலைன் ரோபர்ட் 1997 மார்ச் 20ஆம் தேதி கயிறு இல்லாமல் ஏறினார். 60ஆவது மாடியில் பிடிபட்டார். 2007இல் அதே தேதியில் மறுபடியும் வந்தார். அதே 60ஆவது மாடியில் மறுபடியும் பிடிபட்டார். 2009 செப்டம்பர் 1ஆம் தேதிதான் உச்சியைத் தொட்டார். ஒட்டும் கருவி எதுவும் அவரிடம் இல்லை. விரல் வலிமையும் பல ஆண்டுப் பயிற்சியுமே துணை.

சரி, பல்லி மட்டும் எப்படி ஒட்டுகிறது? அதன் பாதத்திலுள்ள கோடிக்கணக்கான நுண் இழைகளுக்கும் சுவருக்கும் இடையே மூலக்கூறு ஈர்ப்பு உண்டாகிறது. உடல் இரண்டு மடங்கு பெரிதானால் பாதப் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்காகும். மனிதன் பல்லிபோல் ஒட்ட, உடற்பரப்பில் 40 விழுக்காடு ஒட்டும் பரப்பாக இருக்க வேண்டும் என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். ஆனால் 2014இலேயே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், 70 கிலோ எடையுள்ள ஒருவர் உள்ளங்கை அளவுப் பட்டைகளைக் கொண்டு கண்ணாடிச் சுவரில் ஏறிக் காட்டினார். எடையைப் பட்டை முழுவதும் சமமாகப் பகிர்ந்ததே அதன் சூட்சுமம்.

இனி இறங்கும் கதை. 1999இல் ஆஸ்திரியாவின் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் இதே கோபுரத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார். பாராசூட்டுக்குப் பதில் பேட்மேன் மேலங்கி இருந்திருந்தால்? பிரிட்டனின் லெஸ்டர் பல்கலைக்கழக மாணவர்கள் இதையும் கணக்குப் போட்டார்கள். 150 மீட்டர் உயரத்திலிருந்து பேட்மேன் மிதந்து வரலாம். ஆனால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர்! ஃபெடரல் நெடுஞ்சாலையில் ஓடும் காரிலிருந்து விழுவதற்குச் சமம். பறப்பதில் சிக்கல் இல்லை, தரையிறங்குவதில்தான் ஆபத்து.

ரோபர்ட் 1982இல் இரண்டு முறை விழுந்து படுகாயமடைந்தவர். பாம்கார்ட்னர் 2025இல் இத்தாலியில் பாராகிளைடர் விபத்தில் உயிரிழந்தார். பயிற்சி பெற்றவர்களையே பூமி விட்டுவைக்கவில்லை.

கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பால்கனியில் நிற்கும் பிள்ளையை ‘குதிக்காதே’ என்று அதட்டினால் மட்டும் போதாது. உள்ளே அழைத்து, இந்தக் கணக்கையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.