இளையராஜாவின் இசைக்குழுக் காலம்

இசையமைப்பாளர் இளையராஜா, 'அன்னக்கிளி' (1976) படத்தின் மூலம் அறிமுகமாவதற்கு முன் ஏறத்தாழ 18 ஆண்டுகள் பல குழுக்களில் பாடியும் வாசித்தும் வந்தார். அண்ணனின் பிரசாரக் குழு, நண்பர்களின் நாடகங்கள், மெல்லிசைக் குழு, திரைப்பட வாத்தியக் குழு என்று இக்காலம் நீண்டது. ஒவ்வொன்றிலும் அவருக்கு வாய்த்த வேலை வேறு.

பாவலர் குழு

தேனி மாவட்டம் பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்தவர் இளையராஜா. பள்ளிப் பெயர் ராசய்யா. 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் சேர்ந்தார். பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடிவந்த அக்குழு, 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடையே கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காகப் பிரசாரம் செய்தது, அவர் வென்றார். குரல் உடையும்வரை பெண் குரல் பாட்டுகளைப் பாடியவர் ராசய்யா. ஆர்மோனியமும் இக்குழுவில்தான் கைவந்தது. பின்னாளில் சகோதரர்கள் பாஸ்கர், கங்கை அமரன் ஆகியோருடன் 'பாவலர் பிரதர்ஸ்' என்ற பெயரில் ஊர் ஊராகக் கச்சேரி நடத்தினார். நேரு மறைவுக்குக் கண்ணதாசன் எழுதிய இரங்கற்பாவுக்கு மெட்டமைத்ததே இவரது முதல் இசையமைப்பாகக் குறிப்பிடப்படுகிறது. அல்லிநகரத்து நண்பர் பாரதிராஜாவின் நாடகங்களுக்கும் சகோதரர்கள் வாசித்தனர்.

சென்னையும் மெல்லிசை மேடையும்

1968இல் சென்னைக்கு வந்தபின், மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் பியானோ, கிட்டார், மேற்கத்திய இசைக்குறிப்பு ஆகியவற்றைப் பயின்றார். 'ராஜா' என்று பெயரைச் சுருக்கியவர் இந்த ஆசிரியரே. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிட்டார் தேர்விலும் தேறினார். அதே காலத்தில் எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் குழுவில் கிட்டாரும் பின்னர் ஆர்மோனியமும் வாசித்தார். பாஸ்கர் தாளவாத்தியம், அமரன் கிட்டார். ரசிகர்கள் அறிந்த திரைப்பாடல்களை இசைத்தட்டில் கேட்டதுபோலவே மேடையில் வாசித்துக் காட்டுவது மெல்லிசைக் குழுக்களின் முக்கிய வேலையாக இருந்தது.

ஒலிப்பதிவுக் கூடம்

அடுத்து சலில் சௌத்ரி உள்ளிட்ட இசையமைப்பாளர்களின் ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்தார். கன்னடத் திரையிசையில் புகழ்பெற்ற ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராகச் சேர்ந்து, சுமார் 200 படங்களில் பணியாற்றினார். பாடகரும் வாத்தியக் கலைஞர்களும் ஒரே நேரத்தில் பாடி வாசிக்கப் பாட்டைப் பதிவுசெய்த காலம் அது. வெங்கடேஷ் தரும் மெட்டுக்கு யார், எந்த இடத்தில், எதை வாசிப்பது என்று பிரித்து எழுதுவது உதவியாளரின் பொறுப்பு. இடைவேளைகளில், தாம் எழுதிய இசைக்குறிப்புகளைச் சக கலைஞர்களைக் கொண்டு வாசிக்கச் செய்தும் பார்த்தார். கேட்டு வாசித்துப் பழகியவர், எழுதி வாசிக்க வைப்பவராக மாறியது இங்கேதான்.

தாக்கம்

பஞ்சு அருணாசலம் தயாரித்த 'அன்னக்கிளி'யில் நாட்டுப்புற மெட்டுகள் மேற்கத்திய வாத்திய அமைப்போடு ஒலித்தன. முன்னது பாவலர் குழுவில் ஊறியது, பின்னது சென்னையில் கற்றது. பாடகர் ஏ.எம்.ராஜா ஏற்கெனவே பெயர் பெற்றிருந்ததால் 'இளைய' என்ற அடைமொழியைச் சேர்த்தவர் அருணாசலம். குழுத் தோழர்கள் பலர் பின்னரும் உடன் இருந்தனர்: அமரன் பாடலாசிரியராகவும் இசையமைப்பாளராகவும் வளர்ந்தார், பாலசுப்பிரமணியம் இளையராஜாவின் முதன்மைப் பாடகர்களுள் ஒருவரானார். முன்பு இசையமைப்பாளர் ஆர்.கே.சேகரிடம் வாடகைக்கு ஆர்கன் எடுத்து வாசித்த இளையராஜாவின் குழுவிலேயே, சேகரின் மகன் ஏ.ஆர்.ரகுமான் பின்னாளில் கீபோர்டு வாசித்தார்.