ஒரு மொழியின் இறப்பும் ஒரு வினையின் காலமும்

2010 சனவரி 26 அன்று போவா மூத்தவர் காலமானார். அகவை ஏறத்தாழ 85. பெரிய அந்தமானியரின் பத்துக் குழுக்களுள் ஒன்றான போ குழுவின் மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். மொழியியலாளர் அன்விதா அப்பி அவருடைய பேச்சையும் பாடலையும் அதற்கு முன்பே ஒலிப்பதிவு செய்திருந்தார். போவாவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு அன்று ஓர் இலக்கண எல்லையும் குறுக்கிட்டது. முந்தைய நாள் வரை 'போவா ஹேஸ் டோல்டு மெனி ஸ்டோரீஸ்' என எழுத முடிந்தது. மறுநாள் முதல் 'போவா டோல்டு' என்பதே பொருந்தியது.

இரண்டும் நடந்து முடிந்த செயலையே குறிக்கின்றன. எனினும், பிரசன்ட் பெர்ஃபெக்ட் எனப்படும் நிகழ்கால முற்றுநிலை, கடந்த செயலை இன்றோடு பிணைக்கிறது. எழுவாயாக நிற்பவர் இன்றும் உள்ளார் என்பதைப் பொதுவாக உட்கொள்கிறது. 1955இல் மறைந்த ஐன்ஸ்டைனை எழுவாயாக்கி 'ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்' என்றால் இடறும். பிரின்ஸ்டனை எழுவாயாக்கிச் செயப்பாட்டு வினையில் எழுதினால் இடறாது. நோம் சோம்ஸ்கி காட்டிய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு இது. அவ்வாறே, போவாவின் கதைகள் 'ஹேவ் பீன் ரெக்கார்டட்' என்பது இன்றும் சரியே. கதைகள் எஞ்சியிருக்கின்றன, சொன்னவர் இல்லை.

தமிழ் மாணவர் இவ்விடத்தில் தடுமாறுவதற்குக் காரணம் உண்டு. பாரதியார் 1898 முதல் 1902 வரை காசியில் வாழ்ந்தார். 'பாரதியார் காசியில் வாழ்ந்திருக்கிறார்' என்பது பிழையற்ற தமிழ். தமிழின் 'இரு' என்னும் துணைவினை சான்றின் இருப்பையே சுட்டுகிறது. எழுவாயின் உயிரை வேண்டுவதில்லை. அத்தொடரை அப்படியே 'ஹேஸ் லிவ்டு' என ஆக்கினால், ஆங்கில வாசகர் பாரதியார் இன்றும் வாழ்வதாகக் கொள்வர்.

அந்தமான் வரலாற்றில் இத்தெரிவு மேலும் கனமானது. 1858இல் ஆங்கிலேயர் தண்டனைக் குடியிருப்பை நிறுவினர். 1877இல் தட்டம்மை பரவியது. பெரிய அந்தமானியரின் எண்ணிக்கை 1901 கணக்கெடுப்பில் 625, 1921இல் 209, 1961இல் 19. இச்சரிவின் நடுவே, 1906 முதல் 1908 வரை ராட்கிளிஃப் பிரவுன் களப்பணி செய்தார். 1922இல் வெளியான தம் நூலில், குடியேற்றத்துக்கு முந்தைய சமூக அமைப்பை மீட்டுரைக்க முனைந்தார். அவரிடம் தகவல் உரைத்தோர் நோயையும் இழப்பையும் கடந்து வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். நூல் தேடியதோ அவர்களுடைய முன்னோரின் காலத்தை. அந்நூலை இன்று மேற்கோள் காட்டுபவர் 'லிவ்' என எழுதினால் 1858க்கு முந்தைய நிலையை இன்றைய நிலையாக்குகிறார். 'லிவ்டு' என எழுதினால் ஒரு சமூகத்தின் கதையையே முடித்துவிடுகிறார். 'ஹேவ் லிவ்டு' என எழுதினால் மட்டுமே, அன்று தொடங்கி இன்றும் அறாத தொடர்ச்சியைச் சொல்கிறார்.

பெரிய அந்தமானியர் அழிந்துவிடவில்லை. ஸ்ட்ரெய்ட் தீவிலும் போர்ட் பிளேரிலும் அவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அன்றாடம் பேசுவது பெரும்பாலும் இந்தி. ஆகவே, போ மொழி பேசப்பட்டதைச் சொல்ல இறந்தகாலம் தக்கது. அம்மக்களைச் சொல்ல அது தகாது. 'பெரிய அந்தமானியர் வேர் எ பீப்பிள்' என்று தொடங்கும் ஆய்வேட்டை இலக்கண ஆசிரியர் திருத்தமாட்டார். வரலாற்று ஆசிரியர் திருத்தியே ஆகவேண்டும்.