குங்ஃபூ குற்றத் திரைப்படங்கள்

குங்ஃபூ குற்றத் திரைப்படங்கள் என்பவை சீனத் தற்காப்புக் கலையான குங்ஃபூவையும் கடத்தல், கொலை முதலிய குற்றக் கதைகளையும் இணைத்து எடுக்கப்பட்ட திரைப்படங்கள் ஆகும். 1970களில் ஹாங்காங்கில் இவை பெருமளவில் தயாரிக்கப்பட்டன. சா பிரதர்ஸ், கோல்டன் ஹார்வெஸ்ட் ஆகியன இவற்றைத் தயாரித்த முதன்மை நிறுவனங்கள்.

எடுத்துக்காட்டு

லோ வெய் இயக்கத்தில் புரூஸ் லீ நடித்த தி பிக் பாஸ் (1971) இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. பிழைப்புக்காகத் தாய்லாந்து செல்லும் நாயகன் ஒரு பனிக்கட்டித் தொழிற்சாலையில் சேர்கிறான். பனிக்கட்டிக்குள் போதைப்பொருள் கடத்தப்படுவதைக் கண்டறிந்த தொழிலாளர்கள் கொல்லப்படுகின்றனர். காணாமற்போனவர்களைப் பற்றி எவரும் கேளாதிருக்க, நாயகனுக்கு மேற்பார்வையாளர் பதவி தரப்படுகிறது. உண்மையை அறிந்த அவன் முதலாளியைக் கொல்கிறான். இறுதியில் கைது செய்யப்படுகிறான்.

ஈர்ப்பு

இப்படங்களின் ஈர்ப்புக்குச் சண்டைக்காட்சிகள் மட்டுமே காரணமல்ல. பணமோ செல்வாக்கோ இல்லாத ஒருவன் தன் உடலையும் பயிற்சியையும் மட்டுமே நம்பி வலியவரை எதிர்ப்பது இவற்றின் அடிப்படை. மொழி புரியாதவர்க்கும் இது விளங்கும். வெளியூர்களிலிருந்து வேலை தேடி வந்தோர் பெருமளவில் வாழும் திருப்பூர் போன்ற பின்னலாடை நகரங்களுக்கு இக்கதைக்களம் அந்நியமானதன்று.

தமிழில்

ஏவிஎம் தயாரிப்பில் எஸ். பி. முத்துராமன் இயக்கிய பாயும் புலி (1983) இவ்வகையைத் தழுவிய தமிழ்த் திரைப்படமாகும். உடன்பிறந்தவளை இழந்த நாயகன் (ரஜினிகாந்த்) தற்காப்புக் கலை பயின்று பழிதீர்ப்பதே இதன் கதை. இதிலும் பயிற்சியே எளியவனின் ஆயுதமாகிறது.