அறுவை அரங்கிலிருந்து தொழுவம் வரை: உறுப்பு மாற்று பெற்றவர்களின் தொற்று வரலாறு

உறுப்பு மாற்று பற்றிய நம் எழுத்துகள் பெரும்பாலும் அறுவை முடிந்த நாளோடு நின்றுவிடுகின்றன. கொடையாளரின் குடும்பம், விமானத்தில் பறந்த இதயம், போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்ட நகரம் எல்லாம் பதிவாகின்றன. சிறுநீரகம் பெற்றவர் ஊருக்குத் திரும்பி, மறுபடி மண்ணில் கால் வைத்த பிறகு நடப்பது பதிவாவதில்லை. தொற்று அபாயம் மருத்துவமனையிலிருந்து மெல்ல மெல்ல வீட்டு முற்றத்துக்கு இடம் பெயர்ந்த கதையை இக்கட்டுரை பின்தொடர்கிறது. திண்டுக்கல்லுக்கு வடக்கே, திருச்சி சாலையில் உள்ள வடமதுரை வட்டாரத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

1954இல் பாஸ்டனில் ஜோசப் முர்ரே செய்த சிறுநீரக மாற்றில் தொற்றுப் பேச்சு பெரிதாக எழவில்லை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதால் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கத் தேவை இருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாத்தியோப்ரினும் ஸ்டீராய்டும் சேர்ந்தன. பிறர் உறுப்பை உடல் தாங்கிக்கொண்டது. அதுவரை மனிதரை அரிதாகவே அண்டிய பூஞ்சைகளும் நுண்ணுயிரிகளும் அந்த வழியே உள்ளே வந்தன.

அடுத்த தலைமுறை மருந்துகளின் பிறப்பிடம் கவனிக்கத்தக்கது. சைக்ளோஸ்போரின் நார்வேயின் ஹார்டாங்கர் பீடபூமி மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து வந்தது; 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. டாக்ரோலிமஸ் 1984இல் ஜப்பானின் சுகுபா மண்ணிலிருந்த நுண்ணுயிரியில் கண்டறியப்பட்டது. சிரோலிமஸுக்கு மூலம் 1964இல் ஈஸ்டர் தீவிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட மண். மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் இம்மருந்துகள் மண்ணுயிர்களின் கொடை. அவற்றை உண்பவருக்கு மண்ணின் மற்ற உயிர்கள்தாம் ஆபத்து.

இந்த ஆபத்துக்குக் கால அட்டவணை வகுத்தவர் மருத்துவர் ராபர்ட் ரூபின். 1981இல் அவர் குழு எழுதிய கட்டுரைப்படி முதல் மாதம் மருத்துவமனைத் தொற்றுகளின் காலம். ஒன்று முதல் ஆறு மாதம் வரை எதிர்ப்பாற்றல் மிகவும் தாழ்ந்திருக்கும் காலம். அதன்பின் வருவது நோயாளி எங்கே வாழ்கிறார், எதைத் தொடுகிறார், எதைச் சுவாசிக்கிறார் என்பதைப் பொறுத்தது. மூன்று கட்டங்களிலும் நீண்டது இந்தக் கடைசிக் கட்டமே. நம் மருத்துவப் பதிவுகளில் மிகவும் மெலிந்திருப்பதும் அதுதான்.

தமிழ்நாட்டில் கதை 1971இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்குகிறது. மருத்துவர்கள் மோகன் ராவும் ஜானியும் செய்த அந்தச் சிறுநீரக மாற்றே இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் மாற்று என்று கொள்ளப்படுகிறது. மேலைநாட்டுப் பாடநூல்கள் பூஞ்சையையும் வைரஸையும் முன்னிறுத்திக்கொண்டிருக்க, வேலூர் மருத்துவர்கள் வேறொரு எதிரியைச் சந்தித்தார்கள். அது காசநோய். 1986 முதல் 1999 வரை அங்கே மாற்று பெற்றவர்களை ஆராய்ந்து ஜார்ஜ் ஜானும் சக மருத்துவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 13 விழுக்காட்டினருக்கு மாற்றுக்குப் பின் காசநோய் வந்திருந்தது. எண்ணைவிட அதன் உட்பொருள் முக்கியமானது. காற்றில் காசநோய் உள்ள நாட்டில், பலருடைய நுரையீரலில் கிருமி பல ஆண்டுகளாக உறங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பாற்றலை அடக்கினால் அது விழிக்கிறது. சிகிச்சையிலும் ஒரு சிக்கல். காசநோய்க்கு முதன்மை மருந்தான ரிஃபாம்பிசின், சைக்ளோஸ்போரினை ஈரல் வேகமாகச் சிதைத்துவிடச் செய்கிறது. காசநோயை அடக்கப் போய் சிறுநீரகத்தை இழக்கும் அபாயம். அதைத் தவிர்க்க சைக்ளோஸ்போரின் அளவைக் கூட்டினால் தாங்க முடியாத செலவு. தடுப்பாக ஐசோநியாசிட் கொடுத்துப் பார்த்து வேலூர்க் குழு 1994இலேயே ஆய்வு வெளியிட்டது. உள்ளூர்ச் சூழலைப் பார்த்து உள்ளூரிலேயே கேள்வி எழுப்பிய முன்னோடிப் பணி என்று இதைச் சொல்வேன். அந்தப் பாதையில் நாம் போதுமான தூரம் போகவில்லை.

2008 ஒரு திருப்பம். திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர் மூளைச்சாவுற்ற தம் மகனின் உறுப்புகளைக் கொடுத்ததும், அதே ஆண்டு அரசு தொடங்கிய உறுப்பு மாற்றுத் திட்டமும் மாநிலத்தையே மாற்றின. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுத்தது. மாற்று சிகிச்சை வசதியுள்ளவருக்கு மட்டும் என்ற நிலை தளர்ந்து, மானாவாரிக் காட்டை உழுபவரும் நூற்பாலைக்குப் போகிறவரும் சிறுநீரகம் பெறும் நாள் வந்தது. இது தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனால் கூட்ட நெரிசலைத் தவிர்க்கவும், முகக்கவசம் அணியவும், தோட்ட வேலைக்குக் கையுறை போடவும் சொல்லும் அறிவுரை நகரத்து அடுக்ககத்தை எண்ணி எழுதப்பட்டது. தோட்டம் அங்கே பொழுதுபோக்கு, இங்கே பிழைப்பு.

வடமதுரைச் சிற்றூர் ஒன்றின் வீட்டைக் கிட்டே போய்ப் பார்ப்போம். வாசலை ஒட்டித் தொழுவம்; பின்னால் வைக்கோல் படப்பு; அதற்கப்பால் சாணமும் கூளமும் கொட்டும் குப்பைக்குழி. கோடை முடிந்து விதைப்புக்கு முன் அந்தக் குழியை வெட்டி வண்டியில் ஏற்றிக் காட்டுக்கு அடிப்பார்கள். மண்வெட்டி இறங்கும்போது மக்கிய எருவிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு புகை கிளம்பும். அதில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் விதைத்துகள்கள் பெருமளவில் இருக்கும். மற்றவர் மூச்சிழுத்தால் உடல் அவற்றை அழித்துவிடும். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவரின் நுரையீரலில் அவை வேர்விடக்கூடும். நனைந்து பூசணம் பிடித்த கடலைக்கொடியை உதறும்போதும் இதே கதைதான். மண் புழுதியில் வாழும் நோகார்டியாவும் இப்படியே நுரையீரலில் தொடங்கி மூளை வரை போகும்.

காலில் செருப்பில்லாமல் ஈர மண்ணில் நடப்பவருக்கு வேறொரு வழி திறந்திருக்கிறது. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்னும் புழு தோலைத் துளைத்து நுழைந்து குடலில் குடியேறும். தன்னையே மீண்டும் மீண்டும் தொற்றச் செய்துகொள்ளும் திறன் இருப்பதால், பல பத்தாண்டுகள் அறிகுறியின்றித் தங்கும். சிறுவயதில் ஏறிய புழு, ஐம்பது வயதில் ஸ்டீராய்டு தொடங்கியதும் பெருகி உடலெங்கும் பரவினால் உயிர் தப்புவது அரிது. மாற்றுக்கு முன்பே ஐவர்மெக்டின் மாத்திரையால் இதை ஒழித்துவிடலாம் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது.

மெலியாய்டோசிஸும் ஈர மண்ணின் நோயே. 1912இல் ரங்கூனிலிருந்து இதை முதன்முதலாக விவரித்தவர்கள் விட்மோரும் கிருஷ்ணசுவாமியும். சர்க்கரை நோயாளிகளை அதிகம் தாக்கும் இந்நோய், சீழ்க்கட்டியும் நிமோனியாவுமாக வந்து காசநோய் போலத் தோற்றம் காட்டும். சர்க்கரையால் சிறுநீரகம் இழந்து மாற்று பெற்ற உழவரிடம் சர்க்கரை, அடக்கப்பட்ட எதிர்ப்பாற்றல் ஆகிய இரண்டு காரணங்களும் ஒன்று சேர்கின்றன. மழைக்காலக் காய்ச்சலில் இதை நினைத்துப் பார்க்கும் மருத்துவர் பக்கத்தில் வேண்டும்.

2022இல் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்திருப்பதை இந்த வரலாற்றின் அடுத்த கட்டமாக மாற்ற முடியும். வடமதுரையிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 80 கி.மீ. போய் மாதந்தோறும் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவு பார்த்துவிட்டுத் திரும்பும் நோயாளியிடம் அங்கே யாராவது வேலை விவரம் கேட்க வேண்டும். எருக்குழியை யார் வெட்டுகிறார்கள், குடிக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைக்கப்படுகிறதா, வீட்டில் இருமுகிறவர் உண்டா, கூரையில் புறா அடைகிறதா என்று கேட்டு எழுதினால், ரூபின் வகுத்த மூன்றாம் கட்டத்துக்கு நமக்கென்று ஒரு பதிவேடு கிடைக்கும். எல்லா வேலையையும் விடச் சொல்வது வறுமையில் தள்ளும்; மருந்து வாங்கக் காசில்லாமல் போனாலும் சிறுநீரகம் போய்விடும். எருவடிப்பையும் தொழுவம் கூட்டுவதையும் வீட்டில் வேறொருவர் ஏற்க, மாற்று முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு நோயாளி செருப்பணிந்து, காய்ந்த நிலத்தில், வாயை மூடிக் கட்டிக்கொண்டு செய்யத்தக்க வேலை எது என்று அவரோடு உட்கார்ந்து பிரித்துச் சொல்வதே செய்யக்கூடியது.