அறிக்கையும் பதிவும் இணைந்த வரலாறு: குறைநிரல் செயலிகள், வணிக நுண்ணறிவு, தரவு மேடை

முன்னுரை

தரவைப் பதிவுசெய்வோர் ஒரு மென்பொருளிலும், அத்தரவைத் தொகுத்த அறிக்கையைப் படிப்போர் மற்றொரு மென்பொருளிலும் இயங்குவது நிறுவனங்களில் நெடுநாளைய வழக்கம். அறிக்கையில் பிழையைக் காண்பவர் அதை அங்கேயே திருத்த இயலாது. லோ-கோடு எனப்படும் குறைநிரல் செயலிகளை வணிக நுண்ணறிவு அறிக்கைகளோடும் பொதுவான தரவு மேடையோடும் இணைக்கும் இன்றைய முயற்சி இந்த இடைவெளியை அடைக்க முற்படுகிறது. அவ்விடைவெளி எவ்வாறு தோன்றியது, இணைப்பு எந்த நிபந்தனையின் கீழ் நம்பத்தக்கதாகும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பிரிவின் தோற்றம்

பதிவும் அறிக்கையும் பிரிந்தமை கணினிக்கு முந்தியது. 1494-இல் வெனிசில் அச்சான லூக்கா பச்சோலியின் நூல் மூவகை ஏடுகளை விவரிக்கிறது: அன்றாட நிகழ்வுகளுக்கான குறிப்பேடு, அவற்றை ஒழுங்குபடுத்தும் நாளேடு, நிலையைக் காட்டும் பேரேடு. குறிப்பேட்டில் உதவியாளரும் வீட்டாரும் எழுதலாம். ஆனால் பேரேட்டுக்குச் செல்லும் வழி ஒழுங்குபட்டது.

கணினி யுகத்தில் இப்பிரிவு தொழில்நுட்பக் காரணத்தால் இறுகியது. 1958-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன், நிறுவனத்தின் பிரிவுகளுக்கு உரிய தகவலைத் தானே கொண்டுசேர்க்கும் அமைப்பொன்றை ‘வணிக நுண்ணறிவு’ என்ற பெயரில் முன்மொழிந்தார். 1970-இல் எட்கர் காட் வெளியிட்ட உறவுநிலைத் தரவு மாதிரி, தரவு இயந்திரத்துள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதை அறியாமலேயே பயனர் அதைக் கையாள வழிவகுத்தது. எனினும், விற்பனையையும் இருப்பையும் நொடிக்கு நொடி பதியும் தரவுத்தளத்திலேயே பல ஆண்டுத் தொகுப்புகளையும் கணக்கிட்டால் பதிவு வேகம் குன்றும். எனவே தரவைப் படியெடுத்து வேறிடத்தில் வைக்கும் தரவுக் களஞ்சியம் உருவாயிற்று. இத்துறையில் முன்னோடியான பில் இன்மன், களஞ்சியத் தரவின் இயல்புகளுள் ஒன்றாக மாறாநிலையைக் குறித்தார். களஞ்சியம் படிப்பதற்கே என்பது இவ்வாறு ஒரு கோட்பாடாக நிலைபெற்றது.

2. இடைவெளியை நிரப்பிய விரிதாள்

அறிக்கை பேசாத இடத்தில் விரிதாள் பேசியது. 1979-இல் ஆப்பிள் II கணினிக்கு வந்த விசிகால்க், நிரலாளரை நாடாமலே கணக்கிடும் ஆற்றலை அலுவலருக்குத் தந்தது. 1992-இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், படிவத்தையும் அறிக்கையையும் ஒரே கோப்பில் வைத்தது. சிறு அலுவலகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆயினும் அத்தகைய கோப்புகள் மேசைதோறும் பெருகியபோது எது மூலம், எது படி என்பது தெளிவற்றுப்போனது.

இதன் விளைவு 2020-இல் இங்கிலாந்தில் வெளிப்பட்டது. கோவிட் பரிசோதனைக் கூடங்கள் அனுப்பிய முடிவுகள், 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் கோப்பு வடிவத்தில் தொகுக்கப்பட்டன. வரம்பைக் கடந்த வரிகள் எச்சரிக்கையின்றி விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் நாளறிக்கையில் இடம்பெறவில்லை. சோதிக்கப்பட்டோருக்குத் தத்தம் முடிவு சென்றடைந்தது. ஆனால் அவர்களோடு தொடர்பிலிருந்தோரைக் கண்டறிந்து எச்சரிக்கும் பணி நாள்கணக்கில் தாமதமாயிற்று. அறிக்கைப் பலகை பிழையின்றி இயங்கியது. அதற்கு வந்துசேர்ந்த தரவே குறைபட்டிருந்தது.

3. இணைப்பின் வரலாறு

நிரலாளரல்லாதார் செயலி உருவாக்கும் எண்ணம் புதிதன்று. ஜேம்ஸ் மார்ட்டின் 1980-களின் தொடக்கத்திலேயே அதை ஒரு நூலின் பொருளாக்கினார். ‘லோ-கோடு’ என்ற பெயர் 2014-இல் ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தால் வழக்குக்கு வந்தது. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, 2006-இல், சென்னையில் வேரூன்றிய ஜோஹோ நிறுவனம், அப்போது அட்வென்ட்நெட் என்ற பெயரில், கிரியேட்டர் என்ற இத்தகைய கருவியை வெளியிட்டிருந்தது. தமிழர் பங்களிப்பை ஆராய்வோர் இதனைக் கருதுதல் தகும்.

2015-இல் பவர் பிஐ அறிக்கைக் கருவியும், 2016-இல் பவர் ஆப்ஸ் செயலிக் கருவியும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தன. பின்னர் செயலியை அறிக்கைப் பக்கத்துள்ளேயே பதிக்க முடிந்தது. அறிக்கையில் ஒரு வரியைத் தெரிவுசெய்தால், அவ்வரியின் விவரம் செயலிக்குச் செல்கிறது. பயனர் செய்யும் திருத்தத்தைச் செயலி மூலத் தரவுத்தளத்தில் எழுதுகிறது. அறிக்கை மூலத்தை நேரடியாக வினவுமானால், புதுப்பித்தவுடன் மாற்றம் தெரியும். படியெடுத்த தரவில் இயங்குமானால் அடுத்த இறக்குமதிவரை பழைய எண்ணே நிற்கும். இந்த வேறுபாட்டை அறியாதவர் தம் திருத்தம் பதியவில்லையெனக் கருதி மீண்டும் பதியக்கூடும்.

2023 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த மைக்ரோசாஃப்ட் ஃபேப்ரிக், பல பணிகளுக்கும் ஒரே சேமிப்பிடத்தை வழங்குகிறது. அதன் அட்டவணைகளுக்குரிய டெல்டா வடிவம் ஒவ்வொரு மாற்றத்தையும் தனிப் பதிவேட்டில் குறித்துச்செல்கிறது. முந்தைய நிலையை மீளக் காண்பது, பழைய கோப்புகள் நீக்கப்படாதிருக்கும்வரை, இதனால் இயலும்.

முடிவுரை

குறைநிரல் செயலி ஒன்று இருந்திருந்தால் 2020-இன் இழப்பு நேர்ந்திராது என்பது மிகைக்கூற்று. அங்கு இல்லாதது செயலியன்று. அனுப்பிய வரிகளும் பெற்ற வரிகளும் ஒத்துள்ளனவா எனச் சரிபார்க்கும் ஒழுங்கு. கட்டுப்பாடின்றிப் பெருகும் செயலிகள் விரிதாளின் வரலாற்றையே மீட்டெழுதும். மாறாக, யார், எப்போது, எதை, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்ற குறிப்பைத் தரவு மேடை காக்குமானால், படிப்பவருக்குத் திருத்தும் உரிமையை அச்சமின்றி வழங்கலாம். பிழையான பதிவை அழிக்காமல் எதிர்ப்பதிவால் நேர்செய்வது கணக்கியலின் பழைய நெறி. எழுதும் உரிமை விரிவடையுந்தோறும் அந்நெறியின் தேவையும் வளர்கிறது என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.