ஒரு விரலில் மூன்று சுரம்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் கச்சேரி. கீபோர்டு வாசித்தவர் எங்கோ பார்த்த முகமாக இருந்தார். இடைவேளையில் மேடைப் பக்கம் போனேன். “ஸார்!” என்று எழுந்து நின்றான். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. சின்ன வயதில் தீவனம் வெட்டும் மிஷினில் இடது கை மாட்டிக்கொண்டது. அதில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம்.

பள்ளி ஆர்மோனியத்தை இவன் நன்றாகவே வாசிப்பான். நம் ஊர் ஆர்மோனியத்தில் இடது கை துருத்தியை அசைத்தால் போதும், வாசிப்பது வலது கை மட்டும்தானே. 1998இல் யாரோ நன்கொடையாகக் கொடுத்த கீபோர்டு பள்ளிக்கு வந்தது. துருத்தி இல்லாததால் இடது கைக்கு வேறு வேலை வந்துவிட்டது: கார்டு பிடிப்பது. (ரேஷன் கார்டு அல்ல!) மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிப்பதுதான் கார்டு. ச, அந்தர காந்தாரம், ப மூன்றும் சேர்ந்தால் மேஜர். காந்தாரத்தை அரை ஸ்தானம் இறக்கினால் மைனர். மேஜரோடு கைசிகி நிஷாதத்தையும் சேர்த்தால் செவன்த். மூன்று சுரத்துக்கு மூன்று விரல் வேண்டும். இவனிடம் இருந்தது இரண்டு.

அந்தக் கீபோர்டில் ஒரு சுவிட்சைத் தள்ளினால் ஒரே விரலில் முழு கார்டும் வரும். பையன் அதைக் கண்டுபிடித்து ஆண்டுவிழா ஒத்திகையில் வாசித்தான். நான் எல்லார் முன்னாலும் சொன்னேன்: “மிஷின் வாசிக்குதுடா, நீ வாசிக்கலை.” அந்த இடத்தை வேறு பையனுக்குக் கொடுத்தேன்.

கல்யாணத்திலிருந்து வந்த பிறகு தூக்கம் பிடிக்கவில்லை. இந்த ஒற்றை விரல் கார்டு எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கணினிக்காரர்கள் கண்டுபிடித்த சோம்பேறித்தனம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

1829இல் வியன்னாவில் சிரில் டெமியன் என்ற ஆர்கன், பியானோ செய்பவர் ஒரு புதுக் கருவிக்கு உரிமம் வாங்கினார். அதன் பெயர் அக்கார்டியன். ஜெர்மன் மொழியில் அக்கோர்டு என்றால் கார்டு, அதிலிருந்து வந்த பெயர். அவருடைய கருவியில் ஒரு கட்டையை அழுத்தினால் தனிச் சுரம் வராது, முழு கார்டுதான் வரும். ஐந்தே கட்டைகள். துருத்தியை இழுக்கும்போது ஒரு கார்டு, அமுக்கும்போது இன்னொன்று, ஆக பத்து. இசை பயிலாதவர்கூட சிறிது பழகினால் வாசிக்கலாம் என்பதை அவர் விண்ணப்பத்திலேயே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எதை நான் குற்றமாகச் சொன்னேனோ அதைத்தான் அந்த மனிதர் சிறப்பாகச் சொன்னார்.

1882இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்லஸ் சிம்மர்மன் ஆட்டோஹார்ப்புக்கு உரிமம் பெற்றார். அதன் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. பட்டனை அழுத்தினால், கார்டில் சேராத தந்திகளையெல்லாம் கம்பளித் துண்டுகள் தொட்டு வாயடைத்துவிடும். மேலே ஒரே இழுப்பாக மீட்டினால், மிச்சமிருக்கும் தந்திகள் மட்டும் பேசும். பேசுகிறவனைப் பேச வைப்பதல்ல, மற்றவர்களை அமைதியாக்குவது! வகுப்பறையில் நான் முப்பது வருடம் செய்த வேலை. அமெரிக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பல தலைமுறைகளாக இதை வைத்துத்தான் பிள்ளைகளைப் பாட வைத்தார்கள் என்று படித்தபோது கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

1950இல் ஹாமண்ட் கம்பெனி 96 கார்டு பட்டன்கள் வைத்த ஆர்கனை வீடுகளுக்கு விற்றது. 1981இல் ஜப்பானின் சுசுகி இசைக்கருவி நிறுவனம் ஆம்னிகார்டு கொண்டுவந்தது, அதில் 27 பட்டன்கள்.

அடுத்து நமக்குத் தெரிந்த கீபோர்டுகள். கேசியோ முறையில் ஒரு கட்டை மேஜர், அதற்கு வலப்பக்கம் ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் மைனர், மூன்று கட்டை என்றால் செவன்த். யமஹா முறையில் இடப்பக்கம் கறுப்புக் கட்டை சேர்த்தால் மைனர், வெள்ளைக் கட்டை சேர்த்தால் செவன்த். போனில் பேசும்போது இதை அவனிடம் சொன்னேன். “தெரியும் ஸார். ரெண்டு விரல் இருக்கறவனுக்கு அது பெரிய வித்தியாசம். ஒண்ணுல செவன்த் வரும், இன்னொண்ணுல கஷ்டம்” என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது அவன் பயன்படுத்துவது பேடு. 2007இல் வந்த கோர்க் எம்3 கீபோர்டில் இப்படி எட்டு சதுரப் பேடுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் எட்டு சுரம் வரை பதியலாம். மெல்லத் தட்டினால் மெல்ல ஒலிக்கும், ஓங்கித் தட்டினால் உரக்க ஒலிக்கும். பழைய ஒற்றை விரல் முறைக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு இருக்கிறது. அதில் எந்தச் சுரம் கீழே, எது மேலே என்பதை மிஷின் முடிவு செய்யும். பேடில் நாம் வாசித்துப் பதித்ததுதான் திரும்பி வரும். கச்சேரிக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து, பாட்டுக்குப் பாட்டு வலது கையாலேயே கார்டுகளை அமைத்துப் பதிந்து வைப்பானாம். ஒரு பாட்டுக்கு எட்டு போதாவிட்டால் எதை விடுவது என்று யோசிப்பதுதான் பெரிய வேலை என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஒத்திகை நாளில் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். “அதை விடுங்க ஸார், காபி ஆறுது” என்றான். காபி குடித்து முடித்ததும் என்னைக் கீபோர்டு முன்னால் உட்கார வைத்தான். அவன் வலது கையால் பாட்டை வாசிப்பான், நான் நான்கு பேடுகளை வரிசையாகத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டான்.

“மூணாவது பேடை அவசரப்பட்டுத் தட்டிட்டீங்க ஸார். திரும்ப மொதல்லேருந்து வருவோம்.”