ஹஜ் என்னும் சொல் ஏறிய ரூபாய்

பழைய ரூபாய்த் தாள்களைச் சேகரிப்போர் பெரிய வேறுபாடுகளைக் காட்டிலும் சிறிய வேறுபாடுகளையே மிகுதியாகத் தேடுவர். 1944இல் அமெரிக்கப் படையினர் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குத் திரும்பியபோது வெளியிட்ட நோட்டுகளின் பின்புறத்தில் வெற்றி என்று பொருள்படும் 'விக்டரி' என்னும் ஆங்கிலச் சொல் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தது. அந்த ஒரு சொல்லே அந்நோட்டுக்கு வரலாறு ஆயிற்று. நம் நாட்டிலும் ஒரு சொல் ஏறியதால் வரலாறான நோட்டு உண்டு. அச்சொல் 'ஹஜ்'. நம் சமுதாயத்தோடு இத்துணை நெருங்கிய அந்நோட்டை நம்மவருள் அறிந்தோர் மிகச் சிலரே என்பது வியப்புக்குரியது.

அது பிறந்த காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். குவைத், பஹ்ரைன், கத்தர், துபாய், மஸ்கட் ஆகிய வளைகுடா நாடுகளில் நெடுங்காலமாக இந்திய ரூபாயே புழங்கிவந்தது. முத்து வாணிபமும் பம்பாய்க் கப்பல்களும் அதனை அங்கே கொண்டு சேர்த்தன. விடுதலைக்குப் பின்னர் தங்க இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. உள்நாட்டில் தங்கத்தின் விலை உயர்ந்தது. கள்ளக் கடத்தல்காரர் இங்கிருந்து ரூபாய்த் தாள்களை மறைத்துக் கொண்டுபோய் வளைகுடாவில் தங்கம் வாங்கினர். அத்தாள்களை அங்குள்ள வங்கிகள் திரும்ப அனுப்ப, நமது ரிசர்வ் வங்கி அவற்றிற்கு ஈடாகப் பிரிட்டிஷ் பவுனை எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. நாட்டின் அந்நியச் செலாவணி இவ்வாறு கரைந்தது.

இதனைத் தடுக்க 1959இல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாட்டில் மட்டும் செல்லும் தனி நோட்டுகள் வந்தன. வளைகுடாவுக்கு ஒன்று, ஐந்து, பத்து, நூறு ரூபாய் நோட்டுகள். ஹாஜிமார்களுக்குப் பத்தும் நூறும். இந்திய அரசின் இலச்சினை தாங்கிய இவை இந்தியாவிற்குள் சட்டப்படி செல்லாதவை! சொந்த நாட்டிலேயே ஒரு தம்ளர் தேநீர் வாங்க உதவாத ரூபாய் என்றால் நகைப்புத் தோன்றலாம். அதற்காகத்தான் அது அச்சிடப்பட்டது.

பார்வைக்கு அது சாதாரண நோட்டைப் போன்றதே. நிறந்தான் வேறு. நம் கைகளில் அக்காலத்தில் புழங்கிய பத்து ரூபாய் ஊதா. ஹஜ் பத்து நீலம். நூறு ரூபாய் நீலம். ஹஜ் நூறு சிவப்பு. வங்கியின் பெயருக்கு இருமருங்கிலும் 'ஹஜ்' என்ற சொல் ஆங்கில எழுத்தில் காணப்படும். வரிசை எண்ணுக்கு முன்னர் 'ஹெச்.ஏ.' என்னும் ஈரெழுத்துகள் நிற்கும். பத்து ரூபாயின் பின்புறத்துப் பாய்மரக் கப்பல் மட்டும் அப்படியே இருந்தது. கப்பலேறிச் சென்றோர் கையில் கப்பல் படம் போட்ட நோட்டு! கையெழுத்து, அன்று ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த எச்.வி.ஆர். அய்யங்காருடையது. ஓர் அய்யங்காரின் ஒப்பத்தோடு நம் பெரியோர் கஃபாவைக் காணச் சென்றனர் என எண்ணும்போது உள்ளம் மகிழ்கிறது.

அந்நாளைய பயணம் இன்றையது போன்றதன்று. மீஞ்சூர், பழவேற்காடு, இராயபுரம் பகுதிகளிலிருந்து புறப்படுவோர் சென்னையில் இரயிலேறிப் பம்பாய் சேர்ந்து, சாபு சித்தீக் முசாபிர்கானா போன்ற விடுதிகளில் காத்திருந்து, மொகல் லைன் கப்பலில் ஜித்தா போய்ச் சேர்வர். அக்கப்பல் பயணம் 1995உடன் நின்றது.

சவூதி அரேபியாவிலும் இதற்கு இணையான ஒரு கதை உண்டு. அங்கே மக்கள் காகிதப் பணத்தை நம்பாது வெள்ளி ரியாலையே கொண்டிருந்தனர். மூட்டை மூட்டையாய் வெள்ளியைச் சுமக்க இயலாத ஹாஜிமார்களுக்காக 1953இல் பத்து ரியால் 'ஹாஜிகள் ரசீது' வெளியிடப்பட்டது. மக்கள் அதனை வெள்ளியாக மாற்றாமலேயே கைமாற்றத் தொடங்க, ரசீதே பணமாகிவிட்டது. முறையான ரியால் நோட்டுகள் வந்தது 1961இல்தான். அந்நாட்டின் காகிதப் பணத்திற்கு ஹாஜிமார்களே வழி திறந்தார்கள் என்று சொல்வது மிகையன்று.

வளைகுடா ரூபாய் நெடுநாள் வாழவில்லை. 1961இல் குவைத்தும் 1965இல் பஹ்ரைனும் சொந்த தீனாருக்கு மாறின. 1966 ஜூன் 6ஆம் நாள் நம் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, டாலருக்கு 4.76 என்றிருந்தது 7.50 ஆனதும், கத்தரும் துபாயும் விலகிக்கொண்டன. ஓமன் 1970 வரை வைத்திருந்தது.

இங்கே செல்லாத நோட்டை மீதம் வைப்பதால் பயன் யாது? எனவே ஹஜ் நோட்டுகள் மிக அரிதாகவே எஞ்சின. இன்று சேகரிப்பாளர் அவற்றிற்குப் பெருந்தொகை தருகின்றனர். பத்து ரூபாயைப் பன்மடங்கு விலைக்கு விற்பது வட்டியாகாதா என எம்மிடம் வினவுவோர் உளர். ஆகாது என்பதே எமது கருத்து. புழக்கத்தில் உள்ள பணத்திற்கே பணத்தின் சட்டம். இதைக் கொண்டு எங்கும் எதுவும் வாங்க இயலாது. ஆதலின் இது பழம்பொருள், சரக்கு. வியாபாரத்திற்கென வைத்திருப்பவர் நிஸாபை எட்டினால் சந்தை விலைக்கு ஜகாத் கொடுக்க வேண்டும். பாட்டனாரின் நினைவாகப் பெட்டியில் வைத்திருப்பவருக்கு அதன் மீது ஜகாத் இல்லை.

ஆனால் வேறொன்று கட்டாயம் விலக்கப்பட்டதே. பழைய தாள் வாங்க வரும் தரகர், விவரமறியாத மூதாட்டியிடம் "இது செல்லாத நோட்டு, உம்மா" என்று கூறிப் பத்து ரூபாய்க்கு வாங்கிச் செல்வாராயின், அவர் சொன்ன சொல் உண்மையாயினும் செய்தது மோசடியே. மார்க்கத்தில் இதற்கு 'கிஷ்' என்று பெயர்.

நிறத்தை மட்டும் நம்பி எவரும் விற்கவோ வாங்கவோ வேண்டா. 'ஹஜ்' என்னும் சொல்லும் 'ஹெச்.ஏ.' என்னும் எழுத்தும் இரண்டும் இருத்தல் வேண்டும். பழைய கடவுச்சீட்டு, கப்பல் சீட்டு, குர்ஆன் உறை இவற்றினிடையே ஒருமுறை பாருங்கள். எண்ணுக்கு முன்னர் 'இஸட்' இருப்பின் அது ஹஜ் நோட்டன்று. வளைகுடாவில் பாடுபட்ட எவரோ கொண்டுவந்த ரூபாய்.